கம்பத்தைக் கழற்றுவது சம்பந்தமாக

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும், கூரையில் மிச்சமிருக்கும் ஓடுகளும் சுகம். அங்கே தாங்களும் தங்கள் தானியக் கிடங்கும், அதற்குக் கூரை இல்லாவிட்டாலும், சுகமாக இருக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷம் குடிநீர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தவன் நான். எதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால்தான் எனக்குப் பேனா ஓடும். இன்று தங்கள் தங்கை உங்கள் கிடங்குக்கு வந்திருப்பதால் வீட்டில் தொந்தரவில்லை. ஃபேன் காற்றில் தாள் பறக்கிறது என்று மேசைமேல் இருந்த ரேடியோ மைக்கைத் தாளின் ஓரத்தில் வைத்து, அதன்மேல் அகராதியையும் வைத்து, நிதானமாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். சென்ற மாதம் தாங்கள் ஒரு தாள் அனுப்பினீர்கள். கிடங்குக் கோபுரத்தின் உச்சியில் நான் வைத்திருக்கும் பெட்டியையும் கம்பத்தையும் இந்த மாத முடிவுக்குள் கழற்றிக்கொண்டு போக வேண்டும், அந்த இடத்தைச் செல்போன் கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தங்கை புருஷனுக்கு நோட்டீஸ்! சரி, போகட்டும். நேற்றுப் பத்திரிகையில் தங்கள் பேட்டியைப் பார்த்தேன். "வானத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, உடனே ஆட்களை இறக்கிட்டேன்" என்று சொல்லியிருக்கிறீர்கள். படமும் நன்றாக வந்திருக்கிறது. சூறைக்காற்று அடித்த அன்றைக்கு உண்மையில் நடந்தது என்ன என்று தங்களுக்கே தெரியாததால், அதைத் தெரியப்படுத்துவது என் கடமை.

அந்தப் பெட்டிக்கு ரிப்பீட்டர் என்று பெயர். பொழுதுபோக்குக்கு ரேடியோவில் பேசும் எங்கள் கூட்டத்தின் கையில் இருக்கும் வாக்கி-டாக்கி தனியாக நாலு தெரு தாண்டாது. கோபுரத்து மேலே இருக்கும் ரிப்பீட்டர் அதைக் காதில் வாங்கி, அதே நொடியில் பலமாகத் திருப்பிச் சொல்லும். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கும் கேட்கும். அதில் ஒரு ஏற்பாடு உண்டு. எவனாவது தெரியாமல் பட்டன்மேல் உட்கார்ந்துவிட்டால் பெட்டி சூடேறிக் கெட்டுவிடுமே என்று, யார் பேசினாலும் மூன்று நிமிடத்தில் வாயை அடைக்கும்படி வைத்திருக்கிறது; பட்டனை விட்டால்தான் மறுபடி வாயைத் திறக்கும். அதை அமைத்ததும் நான், அதில் இன்றுவரை மாட்டிக்கொண்டதும் நான் மட்டும்தான். எங்கள் கூட்டத்தில் எனக்கு "மூணு நிமிஷம்" என்றே பெயர். பரீட்சை எழுதித்தான் இதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டும். எனக்கு மூன்றாவது தடவை கிடைத்தது. துணைக்கு வந்து சும்மா எழுதின உங்கள் தங்கைக்கு முதல் தடவையே கிடைத்தது. இதை அவள் வாரத்துக்கு ஒருமுறையாவது ஞாபகப்படுத்துகிறாள்.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணி. மாட்டு டாக்டர் மேற்குச் சாலையில் ஒரு பசுவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். அவர்தான் எங்கள் கூட்டத்தில் வானம் பார்க்கிறவர். திடீர்னு ரேடியோவில அவர் குரல்: "மேகம் கீழ இறங்கிச் சுத்துது. ஆலங்கட்டி எலுமிச்சம்பழம் சைசுக்கு விழுது. கிடங்குப் பக்கம்தான் போகுது. இருபது நிமிஷம் இருந்தா பெரிசு." அன்னைக்கு உங்க தகரக் கூரைமேல பதினோரு பேர் நின்னு தகடு மாத்திட்டிருந்தாங்க. உங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்த உங்க தங்கையும் அங்கதான். செல்போன் அடிச்சேன், செத்துக் கிடக்கு. அவ பைக்குள்ள வாக்கி-டாக்கி இருக்கும், கறிகாய் லிஸ்ட் சொல்றதுக்காக நான் வாங்கிக் கொடுத்தது. மைக்கை எடுத்தேன்.

இங்கேதான் ஒரு சின்னத் தவறு நடந்தது. பழக்க தோஷம். முறைப்படி நான் யார், நேரம் என்ன, தகவல் யாரிடமிருந்து, அந்த டாக்டர் எத்தனை வருஷமாக மேகம் பார்க்கிறார், அவர் நின்ற சாலைக்கு அந்தக் காலத்தில் என்ன பெயர் இருந்தது என்று வரிசையாகச் சொல்லி, "ஆகவே" என்று வரும்போது டொக்! மூணு நிமிஷம் முடிஞ்சுபோச்சு. இருபதில மூணு போச்சு, விஷயம் இன்னும் வாயை விட்டு வெளிய வரல. சிரிக்காதீங்க மச்சான், பதினோரு உசிரு. மைக்கை விட்டதும் உங்க தங்கை குரல்: "ஏங்க, ஆகவேக்கு அப்புறம் என்ன?"

சொன்னேன். "காத்து வருது. எல்லாரையும் இறக்கு." நாலே வார்த்தை. என் ஆயுசில நான் பேசினதிலேயே சின்ன வாக்கியம் அதுதான்.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும், பத்திரிகைக்காரருக்குத்தான் தெரியாது. "வெயில் இப்படி அடிக்குது, எந்தக் காத்து? உன் புருஷனுக்கு வேற வேலை இல்ல" என்றீர்களாம். அவள் தங்களிடம் வாதாடவில்லை. நேரே ஏணியடியில் போய் நின்று, "ஏணியை எடுக்கப் போறேன். மேலேயே இருக்கிறவங்க இருந்துக்கலாம்" என்றாளாம். பதினோரு பேரும் பொலபொலவென்று இறங்கிவிட்டார்கள். பிறகு நாற்காலியில் இருந்த தங்களைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கோபுரத்து அடியில் இருக்கும் காங்கிரீட் அறையில் தள்ளினாள். தாங்கள் வானத்தைப் பார்த்தது அந்த வழியில்தான் இருக்க வேண்டும்.

இங்க வீட்ல எனக்கு ஒண்ணும் தெரியாது. காத்து வந்து என் கூரை ஓடுகளையெல்லாம் வாரிட்டுப் போச்சு, நான் மேசைக்கடியில ரேடியோவைக் கட்டிப் பிடிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன். கூப்பிடறேன், பதிலே இல்ல. இன்னும் கொஞ்சம் முன்னாடி சொல்லியிருக்கலாமே, அந்தப் பாழாப்போன மூணு நிமிஷம், அதையே நினைச்சு நினைச்சு உட்கார்ந்திருக்கேன். அப்பத்தான் அவ குரல்: "பதிமூணு பேர் உள்ள இருக்கோம். யாருக்கும் அடி இல்ல. கதவுக்குக் குறுக்க லாரி சாஞ்சு கிடக்கு." வெட்கப்படாம சொல்றேன், அழுதுட்டேன். அழுதுட்டேதான் தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னேன், அங்கயும் எங்க ஆள் ஒருத்தர் ரேடியோவோட இருக்கார். மரம் விழுந்து வழியெல்லாம் அடைப்பு. எங்க கூட்டத்துத் தபால்காரம்மா சைக்கிள்ல போய்ப் பார்த்து, எந்தச் சந்து திறந்திருக்குன்னு ரிப்பீட்டர்லயே சொல்லிச் சொல்லி வண்டியைக் கொண்டுவந்து உங்க வாசல்ல நிறுத்தினாங்க.

கூரை போச்சு. பெயர்ப்பலகை போச்சு. செல்போன் கம்பெனிக்காரர்கள் "இங்கே டவர் வருகிறது" என்று நட்டுவைத்த போர்டு மாட்டு டாக்டர் வீட்டுத் தொழுவத்தில் கிடந்தது. என் கம்பம் கொஞ்சம் சாய்ந்ததோடு சரி, பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்தது. ஜெயிச்சுட்டோம் மச்சான்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த இருட்டறையில் ஒரு சுமை தூக்குகிறவர் பயத்தில் நடுங்கியபோது தாங்கள் அவர் கையைக் கடைசிவரை விடவில்லையாம். மூன்று தடவை தலை எண்ணினீர்களாம். கதவு திறந்ததும் எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாகத்தான் வெளியே வந்தீர்களாம். உங்கள் தங்கை இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். பேட்டியில் இதையல்லவா சொல்லியிருக்க வேண்டும்? இப்படிப்பட்ட மனிதர் அந்தக் கம்பத்தைக் கழற்றச் சொல்ல மாட்டார் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். தயவுசெய்து நோட்டீஸை வாபஸ் வாங்குங்கள்.

கிடங்குக்குச் சீக்கிரம் கூரை வந்து சேரட்டும். தங்கள் ரத்தக்கொதிப்பு இறங்கட்டும். ஆட்கள் அனைவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மாட்டு டாக்டர் போன் செய்தார். "அய்யா, முதல்ல அந்த மைக்கை எடுங்க! ஒரு மணி நேரமா ஒருத்தரும் பேச முடியல" என்கிறார். அகராதிக்கு அடியில் பட்டன் அழுந்தியே இருந்திருக்கிறது. நல்லவேளை, ரிப்பீட்டர் மூன்று நிமிடத்தில் வாயை அடைத்துவிட்டது. ஆனால் அந்த மூன்று நிமிடம் எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. அதாவது "மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய" என்று நான் எழுதியதும், "பாசமாவது மண்ணாங்கட்டியாவது" என்று முணுமுணுத்ததும், "வானத்தைப் பார்த்தாராம்! சொந்தக் குடையில இருக்கிற ஓட்டையைப் பார்க்காத மனுஷன்" என்று தொடர்ந்ததும். புயலுக்குப் பிறகு உங்கள் தங்கை உங்கள் மேசையில் வைத்துவிட்டு வந்த ரேடியோவைச் சுற்றி நீங்களும் பதினோரு பேரும் சாப்பிட உட்கார்ந்திருந்தீர்களாமே. மைக்கை எடுத்த மறுநொடி உங்கள் தங்கை பேசினாள். "அண்ணன் சொல்லச் சொன்னாரு: கம்பம் இருக்கட்டும். கடிதம் வேண்டாம்." நீங்களும் நாலே வார்த்தை. பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தமும் கேட்டது, எல்லாரையும்விட உங்கள் சத்தம்தான் பெரிதாக இருந்தது. மச்சான், உங்களைப் பற்றி நல்லதாக நான் சொன்னதெல்லாம் மூன்று நிமிடத்துக்கு அப்புறம்தான் வருகிறது. அது ஒருத்தர் காதிலும் விழவில்லை. வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் அதற்காகவே இதை அனுப்புகிறேன். முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தை ஆட்களுக்கும் கேட்கும்படி உரக்கப் படிக்கவும்.