மேஜர் இழுத்து வந்த ஜோங்கா

மைசூரில் இன்றைக்கு உயிரோடு இருக்கிற பொய்யர்களில் எங்கள் அக்ரஹாரத்து மேஜரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. 'மேஜர்' என்பதே முதல் பொய். வேலை பார்த்த காலமெல்லாம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுத்தவர். காக்கிச் சட்டை, கழுத்தில் ஒரு விசில், முறுக்கிவிட்ட மீசை, எதிரே வருகிறவனை மேலும் கீழும் அளக்கிற பார்வை. அவருடைய ராணுவ சேவை இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு பனிமலையில் காவல் நின்றவர்போலப் பேசுவார். "ஆர்மியிலே..." என்று அவர் ஆரம்பித்தால் தெருவில் கதவுகள் சாத்திக்கொள்ளும்.

ஆயுத பூஜை வந்தால் இந்தத் தொல்லை இரண்டு மடங்கு. எங்கள் ஊரில் அன்றைக்கு வண்டி வைத்திருப்பவன் ராஜா. ஸ்கூட்டரோ காரோ, கழுவித் துடைத்து, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அதை நசுக்கிக்கொண்டு வண்டியை நகர்த்தினால்தான் பூஜை முடிந்ததாக அர்த்தம். மேஜர் ஒவ்வொரு வாசலிலும் நின்று டயரில் சேறு, கண்ணாடியில் கறை என்று குறை சொல்லிக்கொண்டே போவார். அவரிடம் இருந்ததோ காற்றிறங்கிய ஒரு சைக்கிள். ஒரு வருஷம், தெருமுனையில் ஸ்கூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மஞ்சு பொறுமை இழந்து எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான்.

"அதெல்லாம் சரி சார், உங்க வண்டி எல்லி? எங்க நிறுத்தியிருக்கீங்க?"

தெருவே சிரித்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு இதே இடத்தில் தன் வண்டி நிற்கும், அதுவும் மிலிட்டரி வண்டி நிற்கும் என்று சொல்லிவிட்டு மேஜர் வீட்டுக்குள் போய்விட்டார். வழக்கமான புளுகு என்று நாங்கள் மறந்துவிட்டோம்.

அவர் மறக்கவில்லை. மறு வருஷம் பூஜைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவருடைய மனைவி என்னைத் தேடி வந்தார்.

"அன்னைக்கு எல்லாரும் சிரிச்சதுலேருந்து அவர் சரியா சாப்பிடறதில்லைங்க. கோயம்புத்தூர் பக்கம் ஏதோ வண்டி பார்த்து வெச்சிருக்காராம். தனியா அனுப்ப பயமா இருக்கு. நீங்க ஸ்வல்ப கூடப் போயிட்டு வாங்க."

அந்த அம்மாள் கேட்டதால் போனேன். இல்லையென்றால் அந்த மனிதரோடு நான் தெருமுனைக்குக்கூடப் போகிறவன் இல்லை.

சூலூர் தாண்டி ஒரு தென்னந்தோப்பில் அது நின்றுகொண்டிருந்தது. ஜோங்கா என்று பெயர்; ராணுவம் எந்தக் காலத்திலோ கழித்துவிட்ட, ஜீப்புக்கு அண்ணன் மாதிரியான வண்டி. பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மேஜர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். வெயிலில் மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்த தோப்புக்காரர் அவசரமாக இளநீர் வெட்டிக் கொடுத்தார். நான் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஓணான் இருந்தது, எஞ்சின் இல்லை.

"எஞ்சின் எங்க வேணா கிடைக்கும்ப்பா," என்றார் மேஜர். "இந்த மாதிரி பாடி கிடைக்குமா?"

மைசூர் வரை கட்டி இழுக்க ஒரு டெம்போ பேசினோம். அது சத்தியமங்கலத்தில் கிளட்ச் போய்ப் படுத்துவிட்டது. விடிந்தால் பூஜை. மேஜர் முகம் சுண்டிப்போனது. அப்போது மைசூர் மார்க்கெட்டுக்கு வாழைக்கன்று ஏற்றிக் கிளம்பிய ஒரு லாரியை அவர் மடக்கினார். எல்லையில் தான் பட்ட குண்டுக் காயங்களை விவரித்து அந்த டிரைவரின் கண்ணைக் கலங்கவைத்தார். ஜோங்காவை லாரிக்குப் பின்னால் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். ஸ்டியரிங்கில் மேஜர், பக்கத்தில் நான், ஹாரனுக்கு விசில். அதோடு விட்டாரா? லாரியிலிருந்து சில கன்றுகளை உருவி வண்டியின் இரண்டு பக்கமும் கட்டினார். யானைக் காட்டு வழியில் வாழை எதற்கு என்று கேட்டேன். தெருவுக்குள் நுழையும்போதே அலங்காரத்தோடு நுழைய வேண்டுமாம்.

திம்பம் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு விசில் ஊதினார். ஒவ்வொரு தடவையும் டிரைவர் பதறி நிறுத்தி, இறங்கி ஓடிவந்தார். சும்மா செக் பண்ணினேன் என்றார் மேஜர். மலை உச்சிக்குப் போவதற்குள் டிரைவருக்குக் குண்டுக் காயங்களின் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

ஆசனூர் தாண்டியதும் லாரி நின்றது. நடுரோட்டில் யானை. அந்தப் பாதையில் யானை லாரியை மறித்துச் சரக்கை உருவித் தின்பது புதிதல்ல. ஆனால் கன்றுகள் தார்ப்பாய்க்குள் இறுக்கமாக இருந்தன. யானை ஒரு சுற்றுச் சுற்றிப் பின்பக்கம் வந்தது. அங்கே கதவில்லாத ஒரு வண்டி, இரண்டு பக்கமும் வாழை, நடுவில் நாங்கள்.

மேஜர் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று முணுமுணுத்தார். வாயில் விசில் இருந்ததால் ஒவ்வொரு முருகாவுக்கும் அது கீச்சென்றது. யானை அவர் பக்கத்துக் கன்றுகளைத் தின்றது. பிறகு நிதானமாகச் சுற்றி வந்து என் பக்கத்தையும் தின்றது. போகிற போக்கில் மேலே இருந்த கான்வாஸ் கூரையையும் உரித்துக்கொண்டு போனது. அது காட்டுக்குள் மறைந்த பிறகு மேஜர் கண்ணைத் திறந்தார்.

"பார்த்தியா, அசையாம இருந்தா ஒண்ணும் பண்ணாது. எல்லாம் ட்ரெயினிங்."

அவரை அங்கேயே இறக்கிவிட்டுப் போகலாமா என்று நானும் டிரைவரும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசினோம். மாநில எல்லைச் சோதனைச் சாவடியில் பானெட்டைத் திறந்து பார்த்த போலீஸ்காரர், எஞ்சின் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். பின்னால் வேறு வண்டியில் வருகிறது என்று மேஜர் கூசாமல் சொன்னார். பாவம், அவர் எங்களை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இருட்டுவதற்குள் ஜோங்கா அக்ரஹாரத்துக்கு வந்துவிட்டது. காலையில் அதைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, மாலை போட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். தெருவே கூடியது, பூஜை பார்க்க இல்லை, சிரிக்க. சாஸ்திரிகள் பூசணிக்காய் உடைத்தார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ம், வண்டியை எடுங்கோ."

இதைத்தான் மேஜர் யோசித்திருக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசற்படியில் அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மஞ்சு முன்னால் வந்தான். இவன் இப்போது ஒரு வார்த்தை கேட்டால் போதும், இந்த மனிதர் இனி தெருவில் தலைகாட்ட மாட்டார். கேட்டுவிடாதேடா என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். அவருக்காக வேண்டிக்கொள்வேன் என்று நான் நினைத்ததே இல்லை.

மஞ்சு வண்டிக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தான்.

"ஆர்டர் கொடுங்க மேஜர் சார்," என்றான்.

மேஜர் விசில் ஊதினார். சிரிக்க வந்தவர்கள் எல்லாரும் கை கொடுத்தோம். பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்க, ஜோங்கா கோயில் முனை வரைக்கும் உருண்டு போனது. மேஜர் இறங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாங்கள் தள்ளியதில் ஒழுங்கே இல்லை என்று திட்டினார்.

வருஷம் பல ஆயிற்று. வண்டிக்கு எஞ்சினும் வரவில்லை, அவருக்கு வெட்கமும் வரவில்லை. யானையைத் தான் அதட்டி விரட்டியதாக இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறார், அதற்கு என்னையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார். நானும் ஆமாம் என்கிறேன். போன பூஜைக்கு, முழங்கால் வலியால் வண்டியில் ஏறவே அவருக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தள்ளுவதற்கு இப்போது தெருவில் இளவட்டங்கள் நிறைய இருக்கிறார்கள், எனக்கும் இடுப்பு சரியில்லை. ஆனால் பின்பக்கம் வலது மூலை என்னுடைய இடம். அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருக்கிறவரை அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.