மயிரிழையாரின் கண்

வெர்னியரின் கோடுகள் எறும்பு ஊர்வது போல ஊர்ந்தன. மயிரிழையார் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். இன்னும் நீட்டினார். கை போதவில்லை.

அந்தப் பட்டறையில் கடைகிற இரும்புப் பின்களை வெர்னியர் காலிபரால் அளந்து, 'ஓகே', 'ரிஜெக்ட்' என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலி அவருடையது. "மயிரிழை கூட இருக்கு", "மயிரிழை குறைச்சல்" என்று சொல்லிச் சொல்லியே பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளாக மயிரிழை என்ன, தாம்புக் கயிறே கிட்டத்தில் தெரியவில்லை.

"கண்ணாடி போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று மனைவி கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"நாற்காலி போயிடும்டி."

பொய்யில்லை. இவருக்கு முன்னால் அங்கே இருந்தவர் ஒருநாள் மூக்கில் கண்ணாடியோடு வந்தார். "கண்ணு போன ஆளுக்கு இங்க என்ன வேலை?" என்று முதலாளி அன்றே அவரைப் பாதிச் சம்பளத்தில் பெட்டி கட்டும் பக்கம் தள்ளிவிட்டார். முதலாளிக்கு எல்லாமே கம்பீரம்தான். வருகிற கடிதத்தைக்கூடத் தானே படிக்கமாட்டார். கணக்குப்பிள்ளை படிக்க, சாய்ந்து உட்கார்ந்து கேட்பார்.

மயிரிழையார் வெர்னியரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தார். எண்ணெய் டப்பாவில் கால் வைத்து விழுந்ததுதான் மிச்சம்.

பின் கடையும் லேத்துக்காரர் ஓடி வந்து தூக்கினார். "என்னண்ணே பண்றீங்க?"

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். "உன்னைச் சோதிக்கத்தான். நீயே அளந்து சொல்லு பாப்போம். மேல் கோடும் கீழ் கோடும் எங்க நேரா நிக்குது?"

லேத்துக்காரர் சொல்லச் சொல்ல, "ம்ம், பரவாயில்ல" என்று தலையாட்டினார். பின்கள் மளமளவென்று தேறின. அப்பாடா என்றிருந்தது.

லேத்துக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. "அண்ணன் எனக்குத் தொழில் சொல்லித் தர்றாரு" என்று பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டார். சாப்பாட்டு வேளைக்குள் வெல்டர், பெயின்டர், வாட்ச்மேன் என்று வரிசை நின்றது. ஒரே பின்னுக்கு ஆளுக்கொரு அளவு சொல்லிவிட்டு, எது சரி என்று இவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"எல்லாமே சரிதான். அவங்கவங்க கைப்பக்குவம்."

அதில் வெல்டருக்கும் பெயின்டருக்கும் சண்டை மூண்டது. சத்தம் கேட்டு முதலாளியே வந்துவிட்டார்.

"வகுப்பா நடக்குது? நல்ல காரியம். எங்க, ஒண்ணு அளந்து காட்டுய்யா. எல்லாரும் பாத்துக்கட்டும்."

அவரே ஒரு பின்னை எடுத்து, வெர்னியரின் தாடைகளுக்கு நடுவே வைத்துக் கவ்வவிட்டு நீட்டினார். மயிரிழையார் அதை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். படிக்கிற பிள்ளை, பாதிச் சம்பளம், பெட்டி கட்டும் கயிறு எல்லாம் கண்முன்னால் வந்தன. கோடு மட்டும் வரவில்லை. பட்டறையே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வருவது வரட்டும் என்று அவிழ்த்துவிட்டார். "எட்டு புள்ளி பூஜ்யம் ரெண்டு முதலாளி. மயிரிழை கூட."

முதலாளி வெர்னியரை வாங்கினார். கையை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, நெடுநேரம் பார்த்தார்.

"அப்படியே கரெக்ட். எட்டு புள்ளி பூஜ்யம் ரெண்டு. கண்ணுன்னா இதுதான்யா கண்ணு."

மயிரிழையாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். பெட்டி கட்டும் பக்கத்திலிருந்து பழைய ஆள் மட்டும் எழுந்து வந்தார். கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு குனிந்தார். முதலாளியின் செருப்பருகே, எண்ணெய்த் துணிமேல் கிடந்த எதையோ எடுத்து நீட்டினார்.

"முதலாளி, நீங்க குடுக்கும்போதே பின்னு கீழ விழுந்துடுச்சு. ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் அளந்தது வெறும் காத்து."