மாமனாரின் சல்லடை மெஷின் வாசலுக்கு வந்த கதை

பெண் பார்க்கப் போகிற இடத்தில் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். சத்தியமாக நான் சொல்லவில்லை. தரகர்தான், மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் எலக்ட்ரிக்கல் கம்பெனியில் வேலை என்றார். அதுவும் உண்மைதான். அந்தக் கம்பெனி தொழிற்சாலை இயந்திரங்களுக்கு சுவிட்ச் பெட்டி செய்கிறது. பெட்டியோடு தடிமனாக ஒரு பாதுகாப்புக் கையேடும் கொடுக்கிறது. அந்தக் கையேட்டில் எழுத்துப்பிழை பார்ப்பவன் நான்.

"அப்போ இன்ஜினியரு" என்று என் வருங்கால மாமனார் தானாகவே முடிவு செய்து, காபியை என் பக்கம் நகர்த்தினார். பிழை திருத்துவதையே பிழைப்பாக வைத்திருந்த நான், அந்த ஒரு பிழையை மட்டும் திருத்தாமல் காபியைக் குடித்துவிட்டேன். (நல்ல காபி. அதையும் சொல்லியாக வேண்டும்.)

மாமாவுக்கு சங்கரன்கோவிலில், ரயிலடிக்குப் போகிற வழியில் மாவு மில். கல்யாணமான மூன்றாம் மாதம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அழைத்திருந்தார்கள். போய் இறங்கியபோது மில்லின் உள்ளறையில் புதிதாக ஒரு மெஷின் நின்றது. மிளகாய்ப் பொடி சலிக்கும் சல்லடை மெஷின். உயரம் என் இடுப்பளவு, நான்கு இரும்புக் கால், மேலே பெட்டி மாதிரி சல்லடை. மோட்டார் ஓடினால் பெட்டி கிடுகிடுவென்று ஆடும், பொடி கீழே விழும். அவ்வளவுதான்.

மில்லுக்கு எப்போதும் வயரிங் பார்ப்பவர் சூசை அண்ணாச்சி. பேச்சு குறைவு, வேலை சுத்தம். மெஷினை சிமெண்ட் மேடையில் ஏற்றி நாலு போல்ட் முறுக்க வேண்டும், மேடை இறுக நாலு நாள் ஆகும், அதன்பின் சுவரோரமாக பைப்பில் வயர் கொண்டுவர வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். மாமாவோ வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் ஓட்டியே தீர வேண்டும் என்றார். பைப்புக்குப் பதிலாக வளைந்து கொடுக்கும் ஃப்ளெக்ஸிபிள் வயரை இழுத்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். அது நிரந்தர வேலைக்கு ஆகாது என்றார் அண்ணாச்சி.

மாமா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

அந்த நிமிஷம் வாயை மூடியிருந்தால் இதை எழுதும் அவசியமே வந்திருக்காது. ஆனால் ஃப்ளெக்ஸிபிள் வயர் அத்தியாயத்தை நான் ஏழு தடவை பிழை பார்த்தவன். காற்புள்ளி உட்பட மனப்பாடம். மளமளவென்று கொட்டினேன். நிலையான வயரிங்குக்குப் பதிலாக அதைப் போடக் கூடாது. நடுவில் ஒட்டுப் போடக் கூடாது. வயரை யாராவது இழுத்தால் அந்த இழுவை அதன் முனைகளில் விழாதபடி இரண்டு பக்கமும் கிளாம்ப் போட வேண்டும். எர்த் வயர் மற்றதைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்க வேண்டும். நகரக்கூடிய இயந்திரம் என்றால் ஃப்ளெக்ஸிபிள் வயர் தாராளமாகப் போடலாம். இந்த மெஷினுக்குத்தான் இன்னும் போல்ட்டே இல்லையே, ஆகவே இது நகரக்கூடிய இயந்திரம்தான் என்று தீர்ப்பும் சொன்னேன்.

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என் மனைவி செல்வி மட்டும் கதவருகே நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். என் வேலை என்னவென்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

வியாழக்கிழமை மாலை கனெக்‌ஷனை நானே கொடுத்தேன். வாழ்க்கையில் அன்றுதான் முதன்முதலாக ஸ்க்ரூடிரைவர் பிடித்தேன். கையேட்டில் உள்ள படத்தை மனசுக்குள் புரட்டிப் புரட்டி ஒவ்வொரு முனையையும் மாட்டினேன். கிளாம்ப்பை உயிரைக் கொடுத்து முறுக்கினேன். வயர் விறைப்பாக நிற்கக் கூடாது என்ற விதியை நினைத்து, பதினைந்து அடி வயரைத் தாராளமாகச் சுருட்டி விட்டேன். சூசை அண்ணாச்சி வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்தார்.

"கனெக்‌ஷன் சரியாத்தான் இருக்கு தம்பி. மெஷின்தான் நிக்காது" என்று சொல்லிவிட்டு, ஒரு தறிக் கொட்டகையில் மோட்டார் நின்றுபோச்சு என்று கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. புதுக் கார் வாங்கினால் சக்கரத்துக்கு வைப்பதுபோல அத்தை மெஷினின் முன்கால் எதிரே ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். முன்னறையில் மிளகாய்த் தூக்குவாளிகளோடு நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். மாமா, வெள்ளை வேட்டி சட்டையில், உள்ளறைச் சுவரின் சுவிட்ச் பலகையில் இருந்த ஸ்டார்ட்டரை அமுக்கிவிட்டு, வந்து என் பக்கத்தில் நின்றார்.

மெஷின் ஆடியது. சிவப்பாகப் பொடி விழுந்தது. எல்லோர் முகமும் மலர்ந்தது. பிறகு மெஷின் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறியது.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். நல்ல சகுனம் என்றுகூட நினைத்திருப்பார். ஆனால் அது அங்கே நிற்கவில்லை. மில்லைக் கழுவிவிடுவதற்காகத் தரையில் வாசல் பக்கம் சரிவாக வாட்டம் வைத்திருந்தார்கள். அந்த வாட்டத்தில், மாலையும் கழுத்துமாக, மெஷின் குலுங்கிக் குலுங்கி நடக்க ஆரம்பித்தது. நான் பாய்ந்து அதைக் கட்டிப் பிடித்தேன். அது என்னையும் சேர்த்துக் குலுக்கியது. குலுக்கலில் சல்லடையின் மூடி கழன்று விழுந்தது.

அதற்கப்புறம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அறை முழுக்க மிளகாய்ப் பொடி. மாமா தும்மிக்கொண்டே சுவரைத் தடவிப் போய் ஒரு சுவிட்சை அணைத்தார். லைட் அணைந்தது. மெஷின் முன்னறைக்குள் நுழைந்தது. பெண்கள் தூக்கைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்கள். எடை மேசை சரிந்தது. பதினைந்து அடி வயரும் ஒவ்வொரு சுருளாகப் பிரிந்து தாராளமாக வந்துகொண்டே இருந்தது.

கடைசியில் வயர் விறைத்தது. சாதாரண ஆள் போட்ட கனெக்‌ஷன் என்றால் அங்கேயே பிடுங்கிக்கொண்டு மெஷின் நின்றிருக்கும். என் கிளாம்ப் அசையவில்லை. அதற்குப் பதிலாகச் சுவரிலிருந்த பலகை ஸ்டார்ட்டரோடு பெயர்ந்து தொங்கியது. பட்டென்று ஃப்யூஸ் போனது. மெஷின் தெருவாசலில் ஒரு காலைப் படிக்கு வெளியே வைத்தபடி நின்றது. அதைக் கட்டிக்கொண்டு நானும் நின்றேன்.

யாருக்கும் அடி இல்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

மாமா வந்தார். வேட்டி, சட்டை, மீசை எல்லாம் சிவப்பு. கண்ணில் நீர் கொட்ட, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"மாப்பிள்ள, கம்பெனில நீங்க என்ன வேல பாக்குதீய?"

இனி மறைக்க என்னிடம் தெம்பு இல்லை. "எழுத்துப்பிழை பாக்குதேன் மாமா" என்றேன்.

மாமா படியில் உட்கார்ந்தார். அவர் அழுகிறாரா, மிளகாய்ப்பொடி வேலை செய்கிறதா என்று தெரியாமல் நான் தவித்தேன். பிறகுதான் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு தும்மலாகி, தும்மல் மறுபடி சிரிப்பாகி, செல்வி தண்ணீர்ச் செம்போடு வந்து எங்கள் இரண்டு பேர் தலையிலும் ஊற்றும்வரை ஓயவில்லை. முன்பே இதைச் சொல்லியிருக்கலாமே என்று அவளைக் கேட்டார். அவரு சொல்லுவாருன்னு நான் இருந்தேன் என்றாள் அவள்.

மத்தியானம் வந்த சூசை அண்ணாச்சி தொங்கிக்கொண்டிருந்த பலகையையும் கிளாம்ப்பையும் ரொம்ப நேரம் பார்த்தார். கிளாம்ப் நல்லா போட்டிருக்கு என்று மட்டும் சொன்னார். அடுத்த மாதம் தன் மகள் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்குமுன் என்னிடம்தான் அனுப்பினார். மூன்று பிழை இருந்தது.

இப்போது மாமா யாரிடம் என்னை அறிமுகப்படுத்தினாலும், "எங்க மாப்பிள்ள எலக்ட்ரிக்கல்ல பிழை பாக்குதாவ" என்கிறார். அதில் பொய் இல்லை. வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் உடனே வாயைப் பொத்திக்கொள்வார்கள். விஷயம் தெரியாதவர்கள்தான் பாவம், நம்பிவிடுகிறார்கள். போன வருஷம் புளியங்குடியிலிருந்து தபசு பார்க்க வந்த ஒரு சொந்தக்கார அக்கா, ஓடாத மிக்ஸி ஒன்றைத் துணிப்பையில் போட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் கையைக்கூட நீட்டவில்லை. அதற்குள் அடுப்படியிலிருந்து வந்த செல்வி, பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பரணில் வைத்துவிட்டாள்.