சேம்பிள் பார்க்காமல் ஸ்க்ரூ இல்லை

இனி எங்கள் வீட்டில் என் சொல்தான் செல்லும் என்று போன செவ்வாய்க்கிழமை முடிவு செய்தேன். காரணம், காலேஜ் படிக்கும் என் மகள் சத்யப்பிரியாவின் பல்.

வாயை மூடினாலும் அவளுக்கு மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் தொடாது. நடுவில் ஒரு விரல் போகும். சிரித்தால் கையால் பொத்திக்கொள்வாள். முன்பு பார்த்த டாக்டர் தாடையில் ஆபரேஷன் என்றார். புது டாக்டர் தீனதயாளனோ, ஆபரேஷனே வேண்டாம், எலும்பில் குட்டி ஸ்க்ரூ வைத்து, அதைப் பிடிமானமாக்கிக் கடைவாய்ப் பல்லை மேலே ஏற்றினால் இடைவெளி தானாக மூடும் என்றாராம். சொன்னவர் டாக்டர். நம்பியவள் என் மனைவி சாரதாமணி.

“எலும்புல ஸ்க்ரூவா? அவரு பல் டாக்டரா, ஆசாரியா?”

“மரத்துப்போற ஊசி போட்டுத்தானுங்க வெப்பாங்க. வேலை முடிஞ்சா கழட்டிருவாங்க.”

“ஏம்புள்ள, இருவது வருசமா பனியன் கம்பெனியில குவாலிட்டி பாக்கறேன். ஒத்தை சேம்பிள் பீஸ் அப்ரூவ் ஆகாம, ஆயிரக்கணக்குல தெக்கிற பல்க் ஆர்டரை ஓட்ட உட்டிருக்கறனா? மொதல்ல சேம்பிள் காட்டச் சொல்லு.”

எங்கிருந்து காட்டுவார்? ஸ்க்ரூ வைத்த வாயை ஷோகேஸிலா மாட்டியிருப்பார்? மடக்கிவிட்டேன்.

“செரிங்க. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க,” என்றாள்.

அவள் இவ்வளவு சீக்கிரம் ‘செரி’ சொன்னதே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தேதியோடு கையெழுத்துப் போட்டேன்.

சனிக்கிழமை, எங்கள் ஊர் ராயபுரத்தில் தீனதயாளனின் கிளினிக். எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர் கன்னையன் வீங்கிய கன்னத்தோடு அங்கே காத்திருந்தார்.

“எங்கீங்க டாக்டர் சேம்பிள்?” என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

“பல்லைக் கடிச்சு, உதட்டை விரிங்க.”

விரித்தேன். கண்ணாடியைக் காட்டினார். எனக்கும் அதே ஒரு விரல் இடைவெளி! கண்ணாடியில் மீசையைத் தவிர வேறெதையும் பார்த்திராத ஆள் நான்.

“டிசைன் அதே, அளவும் அதேதானுங்க,” என்றாள் சாரதாமணி, நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தை விரித்தபடி. “புள்ளைக்கு அப்படியே உங்க வாயி. சேம்பிள் போட வேற பீஸ் எதுக்குங்க?”

“எனக்கு வயசு நாப்பத்தெட்டு!”

“எலும்பு நல்லா இருந்தாப் போதுமுங்க,” என்றார் டாக்டர்.

“எக்ஸ்ரே எடுக்கோணுமே?” என்றேன்.

“போன மாசம் பல்லு வலின்னு எடுத்தீங்கல்ல? கொண்டாந்துட்டனுங்க.” பிறகு குரலை உயர்த்தினாள். “பயமா இருந்தா வேண்டாமுங்க.”

கன்னையன் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்தால் திங்கட்கிழமை கம்பெனிக்கே தெரியும். நாற்காலியில் சாய்ந்தேன்.

வலிக்கவே இல்லை. அதுதான் எரிச்சல். குறை சொல்ல ஒன்றாவது வேண்டாமா?

வாயில் நாலு ஸ்க்ரூவோடு வெளியே வந்தேன். “அப்ரூவ்டு,” என்று குழறினேன். “புள்ளையக் கூப்புடு.”

சத்யப்பிரியா ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் பொத்தாமல் சிரித்தாள். உள்ளே நாலு ஸ்க்ரூ பளபளத்தன.

“இது எப்பக் கண்ணு?”

“மூணு வாரமாச்சுங்கப்பா. தெனமும் உங்களுக்கு எதுத்தாப்லதான உக்காந்து சாப்படறேன்?”

பனியனில் ஒரு தையல் விட்டிருந்தால் பத்தடி தூரத்தில் கண்டுபிடிக்கிற கண் என்னுடையது. சாரதாமணியிடம் திரும்பினேன்.

“அப்ப நான் எதுக்குடி சேம்பிளு?”

“நீங்க சேம்பிள் இல்லீங்க,” என்றாள். “பல்க்கு.”