கண்ணாடிக் கடைக்காரரும் தொப்பை டிவியும்

ஊரார் கண்ணுக்கெல்லாம் தெளிவு கொடுக்கும் கண்ணாடிக் கடைக்காரருக்கு, சொந்த வீட்டு ஹாலிலேயே ஒரு கலங்கல் வந்து சேர்ந்தது.

சுவரை அடைத்தாற்போல் புது டிவி வாங்கினார். கல்லூரி நாளிலிருந்து பொத்திப் பொத்திக் காப்பாற்றிய வீடியோ கேம் பெட்டியை அதில் மாட்டினார். திரையில் வந்த வீரன் பக்கவாட்டில் இழுபட்டு, குள்ளமும் குண்டுமாய் நின்றான். முகம் தண்ணீர் பட்ட மைபோல் பரவியிருந்தது. பொத்தானை அழுத்தினால் யோசித்துவிட்டுத்தான் குதித்தான். அதற்குள் பள்ளம் வந்து உயிர் போய்விடும்.

இருந்தும் தினம் சாயந்திரம் முழுக்க விளையாடினார். பக்கத்தில் மனைவி கைகட்டி உட்கார்ந்திருப்பாள்.

"ஏங்க, ஒண்ணுமே தெளிவா இல்லையே."

"செட்டிங்கை மாத்திப் பார்க்கறேன்."

மாற்றினார். ஆள் இளைத்தானே தவிர முகம் தெளியவில்லை.

"இப்பவும் மசமசன்னுதான் இருக்கு. உங்க தொழிலுக்கே இது கௌரவக் குறைச்சல்."

அது சுருக்கென்று தைத்தது. இந்த விளையாட்டெல்லாம் முதுகு புடைத்த பழைய தொப்பை டிவிக்காகச் செய்தவை. தெருமுனை டிவி மெக்கானிக்கிடம் அப்படி ஒன்று கிடந்தது. ஆனால் வீட்டு அனுமதி? மெதுவாகக் காய் நகர்த்தினார்.

"பழைய டிவி ஒண்ணு கொண்டு வரலாமான்னு..."

"அந்த யானைக்குட்டியையா? ஹால்ல இடமில்லீங்க."

"பின்னறையில வெச்சுக்கறேன்."

"இந்த ஒயர், பெட்டி எல்லாம்?"

"அதுவும் அங்கேயே போயிடும். ஹால் பக்கமே வரமாட்டேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். "நீங்க ஒரு முடிவெடுத்தா நான் என்ன சொல்ல முடியும்?"

ஜெயித்துவிட்ட அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கும் அவருமாகத் தூக்கி வந்தார்கள். இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆனால் படம்! வீரனின் புருவம்கூடத் தனியாகத் தெரிந்தது. தொட்டவுடன் குதித்தான்.

"வீட்ல சம்மதிக்க வைக்கிறதுக்குள்ள நாக்குத் தள்ளிடுச்சு," என்று மெக்கானிக்கின் காதில் பெருமையாகச் சொன்னார்.

மெக்கானிக் விழித்தார். "அப்படியா சார்? 'அவர் தேடிக்கிட்டு வருவார், வேற யாருக்கும் குடுத்துடாதீங்க'ன்னு போன மாசமே உங்க வீட்டம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்களே."

கடைக்காரர் ஹாலுக்கு நடந்தார். புது டிவியில் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி சோபாவில் முழு நீளத்துக்குக் கால் நீட்டியிருந்தாள்.

"படம் நல்லா வருதாங்க?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "ரொம்ப நல்லா வருது."

"இங்கேயும்தான். போறப்ப அந்தக் கதவைச் சாத்திட்டுப் போங்க."