அத்தையின் படமும் ஒரு விமர்சனமும்

வாத்தியார் செய்தித்தாளின் நடுப்பக்கத்தைச் சட்டைக்குள் செருகிய நேரம் பார்த்து அத்தை கூடத்துக்கு வந்தாள்.

"டேய், என் படத்துக்கு விமர்சனம் வந்திருக்கா?"

மணமேடையிலிருந்து எழுந்துபோய் லாரி ஓட்டியவள் அத்தை. சொந்தபந்தம் மொத்தமும் அவளைத் தலைமுழுகியது. "போங்கடா" என்று அவளும் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டாள். ஒட்டிக்கொண்டது அண்ணன் மகனான இந்த வாத்தியார் ஒருவர்தான். இப்போது அவள் கதை சினிமாவாகியிருந்தது.

பெயர் போடக்கூடத் துணிச்சலில்லாத யாரோ ஒரு விமர்சகர் அதைக் கிழிகிழியென்று கிழித்திருந்தார். 'நாயகி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாட்டு முழுக்க அழுகிறாள். லாரி ஓட்டுகிறவளுக்கு அழ ஏது நேரம்?'

அத்தை போன மாதம்தான் நெஞ்சுவலி வந்து பிழைத்தவள். இதைப் படித்தால் தாங்குவாளா?

"வந்திருக்கு அத்தை. ஓஹோன்னு எழுதியிருக்கான்."

"என் கண்ணாடியைக் காணோம். நீயே படி."

கணக்குப் பாடம் தவிர எதையும் எழுதியறியாத வாத்தியார், விளம்பரப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு அளந்தார். "'ஊரே ஒதுக்கியும் தலை குனியாத பெண்மணி. இவரை அத்தையாக அடைந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.'"

"அத்தைன்னா போட்டிருக்கான்?"

"அது... அச்சுப்பிழை."

அத்தை சும்மா இருந்தாளா? பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, "இவளும் கேக்கட்டும், மறுபடி படி" என்றாள்.

முதலில் என்ன சொன்னோம் என்பது வாத்தியாருக்கு மறந்துபோனது. இந்த முறை புகழ்ச்சி இரண்டு மடங்கானது. "'இவரைப் போல அன்பானவரை நான் பார்த்ததே இல்லை'" என்றபோது அவர் குரலே தழுதழுத்தது. அத்தை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு எழுதினவருக்கு நேர்ல நன்றி சொல்லணும். பத்திரிகை ஆபீசுக்குக் கிளம்பு."

"அவர் ஊர்ல இல்ல அத்தை!"

"அதையும் பேப்பர்ல போட்டிருக்கானா?"

ஆட்டோ நின்றதும் வாத்தியார் முந்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். காவலாளியின் காதில் கெஞ்சினார்.

"அண்ணே, அந்த லாரிப் படத்துக்கு விமர்சனம் எழுதினவரைக் கேட்டா, இல்லன்னு சொல்லிடுங்க. எங்க அத்தை மனசு உடைஞ்சிடும்."

காவலாளி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அத்தை கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நடந்து வந்தாள்.

"எப்படி சார் இல்லன்னு சொல்றது? எழுதினவங்கதான் உங்க பின்னாலயே வர்றாங்களே!"