மூடாத வாய்

"நரம்பைத் தொட்டுவிட்டீர்கள்" என்றது மெஷின், பெண் குரலில், மூன்றாவது முறையாக.

பஞ்சுக்கை மேடம் பதறிப்போய்க் கதவைப் பார்த்தார். மதிய இடைவேளை, நடைக்கூடத்தில் ஆள் அரவம் இல்லை. குரலைக் குறைக்கலாம் என்று பக்கத்திலிருந்த குமிழைத் திருகினார். அது குறைக்கும் பக்கம் இல்லை போலிருக்கிறது. "நரம்பைத் தொட்டுவிட்டீர்கள்" என்று மெஷின் இந்த முறை மாடிக்கே கேட்கும்படி சொன்னது. மேடம் ஒரு பஞ்சுருளையை எடுத்து ஸ்பீக்கருக்குள் திணித்தார். எத்தனையோ வாய்களில் பஞ்சு வைத்த கை, இதற்கும் வைத்தது.

திரையில் மார்க் வந்தது. முப்பத்தொன்று. கீழே, "மனம் தளராதீர்கள், மீண்டும் முயலுங்கள்" என்று ஓர் ஆறுதல். மேலே, பயிற்சி செய்தவர் என்ற இடத்தில் ஒரு மாணவனின் பெயர். வகுப்பில் அவனை எல்லோரும் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

பல் மருத்துவக் கல்லூரிக்கு அந்த மெஷின் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஒரே ஒரு மெஷின். கனமான கண்ணாடியை மாட்டிக்கொண்டால் பாறை மாதிரி ஒரு பல் முன்னால் வந்து நிற்கும். கையில் பிடிக்கும் துளைக்கருவி நிஜப் பல்லைத் தொட்டது போலவே அதிரும். சொத்தையை மட்டும் எடுக்க வேண்டும், நல்ல பல்லில் கை படக் கூடாது. மாணவர்கள் இதில் தேறினால்தான் நிஜ நோயாளியைத் தொடலாம். வரும் திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னால் செய்து காட்ட வேண்டியவர் மேடம்.

வலி தெரியாமல் பல் எடுப்பவர் என்று நோயாளிகள் வைத்த பெயர்தான் பஞ்சுக்கை. ஆனால் அந்தக் கை, நோயாளியின் தாடையில் மோதிர விரலை ஊன்றிப் பழகிய கை. மெஷினுக்குத் தாடை இல்லை. ஊன்ற இடமில்லாமல் விரல் காற்றில் தவித்தது. போதாததற்கு, "கொஞ்சம் பெருசாத் திறங்க" என்று பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்துச் சொல்லியும்விட்டார்.

எடுத்த மார்க்கெல்லாம் நடைக்கூடத்து டிவியில் வெள்ளிக்கிழமைதோறும் வரும், ஆசிரியர்களுடையதும் சேர்த்து. அது துறைத்தலைவரின் உத்தரவு. அதனால்தான் முதல் நாளே மேடத்தின் விரல் திரைப் பட்டியலில் தன் பெயரின் மேல் போய், தயங்கி, கீழே நழுவியது. ஒட்டடைக்குச்சியின் பெயரில் ஏற்கெனவே சில மார்க்குகள் இருந்தன. எல்லாமே படுமோசம். கிழிந்த துணியில் இன்னொரு கிழிசல், யாருக்குத் தெரியப் போகிறது என்று மேடம் தொட்டுவிட்டார்.

கழற்றிய கண்ணாடியின் பட்டையைப் பார்த்தார். தினமும் தன் தலைக்கு இறுக்கி வைக்கிறார், மறுநாள் வந்தால் யாரோ பூசணிக்காய்க்கு மாட்டுவது போலத் தளர்த்தி வைத்திருக்கிறார்கள். கதவுக்கடியில் ஒரு நிழல் வந்து நின்றது. மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். நிழல் சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை டிவியில் ஒட்டடைக்குச்சியின் பெயர் கடைசியில், சிவப்பில் ஓடியது. மேடம் அவனை ஓரமாகக் கூப்பிட்டார். குற்ற உணர்ச்சிக்கு ஏதாவது மருந்து போட வேண்டுமே.

"உன் கை ரொம்ப அழுத்துதுப்பா."

"என் கையா மேடம்?"

"ஆமா. லேசாப் பிடி. நரம்புகிட்ட போனதும் அவசரப்படாத. அந்தப் பொம்பளை கத்துறதைக் காதுல வாங்காத."

அவன் மேடத்தை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு, "சரிங்க மேடம். நீங்களும்..." என்று தொடங்கி, "நீங்களும் சாப்பிடாம இருக்காதீங்க மேடம்" என்று முடித்துவிட்டுப் போனான். பிள்ளைக்கு எவ்வளவு நல்ல மனசு என்று மேடம் இன்னும் கூனிக்குறுகிப் போனார்.

அன்று மாலை வீட்டில் மகளிடம் அவளுடைய வீடியோ கேமைக் கேட்டு வாங்கினார்.

"எதுக்கும்மா?"

"கை பழகணும்டி."

மகள் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்தாள். "அம்மா, காரை ஓட்டுறியா, இல்ல செவுத்துக்குப் பல் தேய்ச்சு விடுறியா?"

திங்கட்கிழமை காலை மெஷின் அறைச் சாவி வாங்கப் போனார். ஆணியில் தொங்க வேண்டிய சாவி துறைத்தலைவரின் சட்டைப்பையிலிருந்து வந்தது.

"இப்ப எதுக்கு?" என்றார் அவர். அவருடைய அகன்ற நெற்றியில் ஏதோ பட்டை அழுத்திய சிவப்புத் தடம்.

"வகுப்புக்கு முன்னால தூசி தட்டலாம்னு சார்."

"சீக்கிரம் குடுத்துடுங்க. எனக்கும்... எனக்கும் தூசி ஆகாது."

அந்த ஒட்டடைக்குச்சியின் சராசரியை ஏற்றிவிட்டாவது பாவத்தைக் கழுவலாம் என்று மேடம் நினைத்தார். இருப்பதிலேயே சுலபமான பயிற்சியைத் தேர்ந்தெடுத்தார். ஒரு குழந்தையின் பால் பல், மேலாக ஒரு சின்னச் சொத்தை. இதற்குத் தாடைகூட வேண்டாம். நிதானமாக, அழகாக, ஒரு முறைகூட நரம்பைத் தொடாமல் குடைந்து முடித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மெஷின் ஏதோ சொன்னது. வாயில் பஞ்சு இருந்ததால் விளங்கவில்லை. மேடம் பஞ்சை உருவினார்.

"பக்கத்துப் பல்" என்றது மெஷின்.

நல்ல பல்லைத் துளைத்தால் மெஷின் மார்க்கோடு விடுவதில்லை, துறைத்தலைவருக்கே தகவல் போய்விடும். அன்றைய வகுப்பு ரத்தானது. மறுநாள் அவர் அறையில் விசாரணை. ஒட்டடைக்குச்சி சுவரோடு சுவராக நின்றான். அவன் அப்பா பஸ் டிரைவர், காக்கிச் சட்டையோடேயே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"குழந்தையோட நல்ல பல்லைக் குடைஞ்சிருக்கான் உங்க பையன்" என்றார் துறைத்தலைவர்.

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எந்தக் குழந்தைங்க சார்? பெத்தவங்க வந்திருக்காங்களா?"

"நிஜக் குழந்தை இல்ல. மெஷின்ல."

"இவன் வீட்டுல ஒரு ஆணிகூட அடிச்சதில்லீங்களே."

"அதான் தெரியுதே. இந்த வருஷம் இவனை நோயாளிகிட்ட விட முடியாது. அடுத்த வருஷம் மறுபடியும் இதே வகுப்புல உக்காரட்டும்."

அப்பா தொப்பியைக் கையில் சுருட்டினார். "ஒரு வருஷம்னா பெரிய விஷயம் சார். இவன் டாக்டராயிடுவான்னு டெப்போ முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன். ரெண்டு பேர் பல் வலியோடயே காத்துட்டிருக்காங்க." பிறகு மகனிடம் திரும்பி, "ஏன்டா, கை நடுங்குதுன்னா சொல்ல வேண்டியதுதானடா" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் மேடத்தால் தாங்க முடியவில்லை.

"நடுங்கினது என் கை" என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். மேடம் மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பழகிப் பார்க்கணும்னு இவன் பேர்ல உக்காந்தேன். என் பேர் டிவியில வந்துடுமேன்னு வெக்கம். அந்தக் குழந்தைப் பல்லைக் குடைஞ்சது நான்தான். பஞ்சு திணிச்சதும் நான்தான். பையன்மேல தப்பில்ல. அவனை விட்டுடுங்க சார். டிவியில என் பேரைப் போட்டுக்குங்க."

துறைத்தலைவர் கத்துவார் என்று மேடம் காத்திருந்தார். அவரோ ஜன்னலைப் பார்த்தபடி, "சரி, போனது போகட்டும். மனுஷங்கதானே. எல்லா மார்க்கையும் அழிச்சிடலாம். அந்த டிவியையும் கழட்டிடலாம்" என்றார்.

இவ்வளவு பெருந்தன்மையை மேடம் எதிர்பார்க்கவில்லை. வெட்கம் இரட்டிப்பாகி, உள்ளதைப் பூராவும் கொட்டிவிடத் தோன்றியது. "எல்லாம் என்னுது இல்ல சார். கடைசியா வந்த சிலதுதான் என்னுது. அதுக்கு முன்னாடியே இவன் பேர்ல பதினெட்டும் பன்னிரண்டும் இருந்துச்சு."

"அது எதுக்கு இப்ப?" என்றார் துறைத்தலைவர் சட்டென்று.

அப்பா மகனைப் பார்த்தார். "பன்னிரண்டா? அப்ப அது உன்னுதாடா?"

ஒட்டடைக்குச்சி பெரியவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை. தரையைப் பார்த்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டான்:

"காலையில சார் பழகி, மத்தியானம் மேடம் பழகி முடிச்சப்புறம், நானும் ஒரு தடவை அந்த மெஷினைத் தொட்டுப் பாக்கலாங்களா?"